சிவதாணு சார் போடாத கையெழுத்து

சிவதாணு சார் இறந்த செய்தி எனக்குப் பிற்பகல் இரண்டு மணிக்கு வந்தது. உயிர் போனது விடியற்காலையிலேயே. நகரத்தின் மறுகோடியில் மகனோடு இருந்ததால் எங்கள் கரமனைத் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. தொலைபேசியில் பேசிய மகன், "அப்பா போயிட்டாரு ஆன்ட்டி. பன்னெண்டு மணிக்கே தகனமெல்லாம் கழிஞ்சு" என்றான். முகத்தைக்கூடப் பார்க்கவிடாமல் இப்படிச் செய்யலாமா என்று கேட்டேன். அவன் பாவம், தயங்கித் தயங்கிச் சொன்னான். "அப்பா லிஸ்ட் எழுதி வச்சிருந்தாரு. அந்த வரிசையிலதான் விளிக்கணும்னு. ஆன்ட்டி பேரு தாழெயாக்கும்."

யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று மலையாள அகர வரிசையில் ஒரு பட்டியல், அதில் என் பெயர் கீழே. அதன் அடியில் அவர் கைப்பட, 'வரிசையை மாற்றக் கூடாது' என்று ஒரு குறிப்பு. அலுவலகத்தில் அவரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு போன அச்சுதனுக்கு ஆறு மணிக்கே தகவல் போய்விட்டது. அவர் போய் மாலை போட்டுவிட்டு வந்துவிட்டார். பதினோரு வருஷம் அவரோடு வேலை செய்த நான் லலிதாவாகப் பிறந்துவிட்டதால் மதியம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

அவரோடு வேலை செய்தவர்கள் யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டீர்கள். இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்ன நண்பர்கள் மலையாளத்தில் எழுதினால் எல்லாரும் படிப்பார்கள் என்றார்கள். எனக்குக் கோபம் தமிழில்தான் சரியாக வரும் என்று சொல்லிவிட்டேன். அவர் நேர்மையானவர், கை நீட்டாதவர் என்றெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள், அதெல்லாம் உண்மைதான். அப்படிப்பட்ட ஒருவருக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்தவளின் அவஸ்தையை எழுத இன்னொருத்தி கிடைக்க மாட்டாள். அதனால் நான் அதையே எழுதுகிறேன்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நகரத்தின் ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் அவர் செயலர். நான் அங்கே மனுப் பிரிவின் மேற்பார்வையாளர். அவருக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். மெலிந்த உடம்பு, கையில் எப்போதும் ஒரு துணிப்பை, பைக்குள் ஓர் அளவு நாடா, ஒரு குடிநீர்ப் பாட்டில். வீட்டு எண்ணோ, கடை உரிமமோ, கிணறோ, எந்த மனுவாக இருந்தாலும் அவர் நேரில் போய் அந்த இடத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார். ஓவர்சியர் பார்த்து எழுதிய அறிக்கை கையில் இருக்கும். அதைப் படித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். திரும்பி வந்து கோப்பின் ஓரத்தில் 'கண்டு' என்று மலையாளத்தில் ஒரே சொல் எழுதுவார். பார்த்தேன் என்று அதற்குப் பொருள். அதற்குக் கீழே கையெழுத்து விழ இன்னும் சில வாரங்கள் ஆகும், ஏனென்றால் சந்தேகம் வந்து மறுபடியும் போய்ப் பார்ப்பார்.

என் வீட்டு மாடிப்படிக்கும் அப்படித்தான் வந்தார். அக்ரஹாரத்து வீடுகளுக்குப் பக்கச் சுவர் பொது. மாடிக்குப் படி கட்ட என் அண்ணா மனுப் போட்டிருந்தான். தன் அலுவலக ஆளின் வீடு என்பதால் சிவதாணு சார் மூன்று முறை வந்தார். அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள், தொடவில்லை. தண்ணீராவது குடியுங்கள் என்றாள். மனுதாரர் வீட்டில் எதுவும் சாப்பிடுவதில்லை என்று சொல்லி, வாசலைத் தாண்டித் தெருவில் நின்றுகொண்டு தன் பாட்டிலைத் திறந்து குடித்தார். மூன்றாவது முறை அம்மா என்னிடம், "ஜலம்கூட வாங்கிக் குடிக்காத மனுஷாளோட எப்படிடீ வேலை பாக்கறே?" என்று கேட்டாள். படிக்கு அனுமதி வருவதற்குள் அம்மாவுக்கு மாடி ஏற முடியாமல் முழங்கால் போய்விட்டது.

இனி பேச்சியம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளை விட்டுவிட்டு சிவதாணு சாரைப் பற்றி என்னால் பேச முடியாது.

பேச்சியம்மாள் தென்காசிப் பக்கத்துக்காரி. கல்யாணமான கையோடு கணவனுடன் இங்கே வந்து, அவன் கொத்தனாராகவும் இவள் சித்தாளாகவும் இந்த நகரத்தில் எத்தனையோ பேருக்கு வீடு கட்டிக் கொடுத்தவர்கள். கடைசியில் தங்களுக்கென்று இரண்டு சென்ட் நிலம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்களே ஓர் அறையும் சமையலறையும் கட்டிக்கொண்டார்கள். வீட்டு எண் கேட்டு எங்களிடம் மனுப் போட்டாள். எண் இல்லாத வீட்டுக்கு மின் இணைப்பு கிடையாது, ரேஷன் அட்டை கிடையாது. சர்க்கார் கணக்கில் அப்படி ஒரு வீடே கிடையாது. நாலு பேர் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்கிற வீட்டை இல்லையென்று சொல்லும் வேலையை நாங்கள் செய்துகொண்டிருந்தோம்.

சிவதாணு சார் போனார், அளந்தார். வழிக்கும் முன்சுவருக்கும் நடுவில் விட வேண்டிய இடத்தில் ஒரு சாண் குறைந்தது. ஓவர்சியர் அதை விட்டுவிடலாம் என்றார். அந்த வழியில் அதற்கு முன்னும் பின்னும் எந்த வீடும் சட்டப்படி இல்லை என்று நானும் சொன்னேன். மற்ற வீடுகளின் மனு தன் மேசைக்கு வரவில்லை, இது வந்திருக்கிறது என்றார் சார். பேச்சியம்மாளின் கணவன் தான் கட்டிய சுவரைத் தானே இடித்து, ஒரு சாண் உள்ளே தள்ளிக் கட்டினான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் செய்த வேலை என்பதால் ஒரு மழைக்காலம் முழுக்க அந்த வீட்டுக்கு முன்சுவராக நீலத் தார்ப்பாய்தான் இருந்தது. பிறகு சார் மறுபடியும் போனார். நாடாவை வைத்து அளந்து, திருப்தியோடு திரும்பி வந்து, கோப்பில் 'கண்டு' என்று எழுதினார். அவ்வளவும் முடிவதற்குள் முழுசாக மூன்று வருஷம். இனி கையெழுத்து ஒன்றுதான் பாக்கி என்று அவளிடம் நானே சொன்னேன். அந்த வாயை நான் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அந்தச் சமயத்தில்தான் அந்தச் சர்க்குலர் வந்தது. மனுக்கள் ஏன் தேங்குகின்றன என்று கண்டுபிடிக்க அவரே போட்ட சர்க்குலர். சர்க்குலர் போடுவதில் அவருக்குக் கை சலிக்காது. மனுக்களைச் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வாங்க வேண்டும், இடைத்தரகர்கள் உள்ளே வரக் கூடாது, மனுவில் கையெழுத்தை வாங்குபவர் கண் முன்னால்தான் போட வேண்டும், கையெழுத்தில்லாத மனு வெறும் காகிதம், அதைப் பதிவேட்டில் ஏற்றக் கூடாது என்று ஏற்கெனவே பல இருந்தன. புதுச் சர்க்குலர்ப்படி, மூன்று மாதத்துக்கு மேல் கிடக்கும் ஒவ்வொரு மனுவும் யார் மேசையில் கிடக்கிறது என்று நான் பட்டியல் எடுக்க வேண்டும். எடுத்தேன். பாதிக்கு மேல் அவர் மேசையில்தான் கிடந்தன.

கூட்டத்தில் என்னையே வாசிக்கச் சொன்னார். செயலர், செயலர், செயலர் என்று வரிசையாக வாசித்தேன். அறையில் ஒருவரும் நிமிரவில்லை. முடித்ததும், மறுபடி ஒருமுறை முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அடுத்த திங்கட்கிழமை விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஓய்வு வயதுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

நான் அவர் அறைக்குப் போய்ச் சண்டை போட்டேன் என்றே சொல்லலாம். எல்லா இடத்துக்கும் நேரில் போவதை நிறுத்துங்கள், ஓவர்சியரை நம்புங்கள், தேக்கம் தானே தீரும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பாக்காம ஒப்பு போட எனக்குத் தெரியாது, லலிதா. பாத்து ஒப்பு போட்டா சனங்களுக்குத் தாமசம். அப்போ நான்தானே மாறிக் கொடுக்கணும்?" ஒப்பு என்றால் கையெழுத்து, மாறிக் கொடுப்பது என்றால் விலகி வழிவிடுவது. அவர் ஊரிலும் இங்கேயும் அப்படித்தான் சொல்வார்கள். தப்பு செய்தவர்களெல்லாம் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் ஓர் உலகத்தில், ஒழுங்காக இருந்ததற்காக ஒருவர் எழுந்து போகிறார். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அதோடு விட்டாரா? ஓய்வுக்கு எழுதிக் கொடுத்த நாளிலிருந்து வெளியேறும் நாள் வரை மூன்று மாதம் இருந்தது. அந்த மூன்று மாதத்தில் யாருக்கும் பலன் தரும் எந்தக் கோப்பிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். மற்ற இடங்களில் ஓய்வுபெறப் போகிறவர்கள் கடைசி மாதத்தில் கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போடுவதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். "போகப் போறவன் ஒப்புக்குக் கிராக்கி கூடும். அதனால போடக் கூடாது" என்றார். கொள்கை நல்ல கொள்கைதான். ஆனால் 'கண்டு' என்று எழுதி முடித்த பேச்சியம்மாளின் கோப்பும் அதில் மாட்டிக்கொண்டது.

அந்தக் கோப்பை நான் எட்டு முறை அவர் மேசையில் வைத்தேன். எட்டு முறையும் திரும்பி வந்தது. இது நீங்களே பார்த்தது, நீங்களே சரியென்று எழுதியது என்றேன். தேதியைப் பாருங்கள், கையெழுத்து இப்போது போட்டால் இப்போது போட்டதுதானே என்றார். ஒருமுறை பொறுக்க முடியாமல், "அந்த மனுஷி சொவத்தையே இடிச்சுக் கட்டிட்டா சார். உங்களால ஒரு ஒப்பு போட முடியலையா?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகம் வாடியது உண்மை. ஆனாலும் போடவில்லை.

பொறுப்பு ஒப்படைத்த நாளை நீங்கள் பலர் பார்த்திருப்பீர்கள். வழியனுப்புக் கூட்டம் வேண்டாம் என்றுவிட்டார். புதிதாக வந்தவரை நிற்கவைத்து, அறையில் இருந்த ஒவ்வொரு சாமானையும் பட்டியலில் சரிபார்த்து ஒப்படைத்தார். இரண்டு அலமாரி, அவற்றின் சாவி, சுவர்க் கடிகாரம், காகிதத்தில் துளை போடும் கருவி ஒன்று. கடைசியில் தேங்கிய மனுக்களை எண்ணிக் கொடுத்தார். பிறகு எழுந்து நாற்காலியை விட்டு விலகி நின்று, புதியவரிடம் "போயிட்டு வரட்டுமா சார்?" என்று அனுமதி கேட்டுவிட்டு, ஊழியர்கள் போகும் பின்வாசலை விட்டுப் பொதுமக்கள் வரும் முன்வாசல் வழியாகப் போனார். இனி அந்த வாசல்தானே தனக்கு என்றாராம் காவலாளியிடம். அன்று மூன்று மணிக்குப் பேச்சியம்மாள் வந்திருந்தாள். சார் போகிறார் என்று கேள்விப்பட்டு, அரை நாள் வேலையை விட்டுவிட்டு, முகத்தில் சிமென்ட் தூளோடு. "போட்டாச்சா மேடம்?" என்று கேட்டாள். இல்லையென்று நான்தான் சொன்னேன்.

அவரது கதை அங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதவே வந்திருக்க மாட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, மனு வாங்கும் ஜன்னலுக்கு முன்னால் நின்ற வரிசையில் சிவதாணு சார் நிற்கிறார். பக்கத்தில் பேச்சியம்மாள். பழைய செயலர் கையெழுத்துப் போடாத கோப்புகளைப் புதியவர் முதலிலிருந்து பரிசீலிக்க வேண்டும், அதற்குப் புது மனு வேண்டும். அதுவும் அவருடைய சர்க்குலர்தான். தன்னால் நின்றுபோனதைத் தானே நடத்திக் கொடுக்க வேண்டும் என்று அவளைத் தேடிப் போய் அழைத்து வந்திருக்கிறார். ஜன்னலில் இருந்த குமாஸ்தா எழுந்து நின்றுவிட்டாள். நான் ஓடிப் போய், உள்ளே வந்து உட்காருங்கள் சார் என்றேன். மாட்டேன் என்றார். நாற்காலியை வெளியே கொண்டுவந்து போட்டேன். வரிசையில் இவருக்கு முன்னால் நின்ற ஒரு கிழவரை அதில் உட்காரவைத்துவிட்டார்.

ஜன்னலை நெருங்கியதும் அவருக்கே நினைவு வந்தது. மனுதாரரோடு வேறு ஆள் நிற்கக் கூடாது. இடைத்தரகர் தடை. "நான் நிக்கக் கூடாதுலா?" என்று குமாஸ்தாவிடம் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள், நான் கூரையைப் பார்த்தேன். அவரே விலகிப் போய் முற்றத்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். பேச்சியம்மாளுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. எந்தக் கட்டத்தில் எதை நிரப்புவது என்று கேட்க ஜன்னலுக்கும் மரத்துக்கும் நடுவில் அவள் நடையாய் நடந்தாள். அவர் அங்கிருந்தே சொல்லிக்கொடுத்தார். கையெழுத்து மட்டும் ஜன்னலுக்கு முன்னால் போட வேண்டும் என்று மூன்று முறை நினைவுபடுத்தினார். தன் சர்க்குலர் ஒழுங்காக நடைமுறையில் இருப்பதைப் பார்த்து அவர் முகத்தில் ஒரு மகிழ்ச்சிகூட இருந்தது. எனக்குச் சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

இப்படி ஐந்து மாதம். புது மனுவோடு வைக்க வேண்டிய வரைபடம் ஒருமுறை காணாமல் போனது. ஒருமுறை புதியவர் விடுப்பில் போனார். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் இவர் மரத்தடியில் நின்றார். மழையானால் குடையோடு நின்றார். நான் கோப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்ப் புதியவரிடம் கெஞ்சினேன். அவர் நல்ல மனிதர், வேகமானவர். என்ன விஷயம் என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. நாலு வருஷமாகக் கிடந்த வீட்டுக்கு எண் கிடைத்துவிட்டது. அன்று பேச்சியம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சிவதாணு சார் மறுபடி வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கையில் ஒரு மனு. புதிய செயலர் இடத்தை நேரில் பார்க்காமல் வீட்டு எண் வழங்கியிருப்பதாகத் தெரிய வருகிறது, பார்க்காமல் வழங்கிய எண்ணை நாளை யாராவது கேள்வி கேட்டால் அந்த ஏழைக் குடும்பத்துக்குப் பாதுகாப்பில்லை, ஆகவே உடனே நேரில் ஆய்வு செய்து உறுதிப்படுத்த வேண்டும் என்று எழுதியிருந்தார். முழுக்கப் படித்துக் காட்டினார். ஆய்வு முடியும்வரை எண்ணை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். மின் இணைப்புக்கு அவள் அன்று காலையில்தான் மனுப் போட்டிருந்தாள்.

வராந்தாவில் இருபது பேர் நின்றிருந்தார்கள். நான் எதையும் பார்க்கவில்லை. "போறும் சார்" என்றேன். "நாலு வருஷமா அவ மண்ணெண்ணெ வெளக்க வெச்சுண்டு உக்காந்திருக்கா. உங்க மனசு சுத்தமா இருக்கணும்ங்கறதுக்காக இன்னும் எத்தன நாள் அவ இருட்டுல இருக்கணும்? நீங்க நல்லவாளா இருக்கறதுக்கு எல்லாத் தடவையும் வேற யாரோன்னா கஷ்டப்படறா." என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. குமாஸ்தாக்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மனுவை ஜன்னல் திண்டின் மேல் வைத்துக் குனிந்து, அதன் அடியில் எழுதினார். இவ்வளவு சொன்ன பிறகும் கையெழுத்துப் போடுகிறாரே என்று எனக்குக் கண் இருண்டுபோனது. மடித்தார், உறையில் போட்டு ஒட்டினார். ஜன்னலில் கொடுக்காமல் என் கையில் கொடுத்தார். "இத நீங்களே வச்சுக்கிடுங்க. பதியணும்னா பதிஞ்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு முன்வாசல் வழியாகப் போய்விட்டார்.

அந்த உறையை நான் பதியவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன். பிரிக்கவும் இல்லை. பிரிக்காத உறையில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது, தெரியாத மனுவை நான் பெற்றுக்கொண்டதாக ஆகாது என்று ஒரு கணக்குப் போட்டேன். மனுப் பிரிவில் இருபது வருஷம் இருந்தவளின் மூளை அப்படித்தான் வேலை செய்யும். ஆனால் அந்தக் கணக்கு எனக்கே ஒட்டவில்லை. கையெழுத்தோடு வந்த மனுவை மேற்பார்வையாளரே மறைத்துவைப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று புதுக் குமாஸ்தாக்களுக்கு வகுப்பெடுத்தவள் நான். வருஷா வருஷம் தணிக்கை வரும்போதெல்லாம் அலமாரிப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அலுவலகம் போவேன். பேச்சியம்மாள் வீட்டில் விளக்கு எரிய வேண்டுமென்றால் நான் குற்றவாளியாக இருந்தாக வேண்டும் என்று ஆக்கிவிட்டுப் போய்விட்டாரே என்று அவரை மனசார வைதிருக்கிறேன். முன்போல் அவர் வீட்டுக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் என் ஓய்வு நாளன்று அவர் வந்திருந்தார். தளர்ந்திருந்தார், பை மட்டும் அதே பை. கூட்டம் முடிந்து கிளம்பும்போது, "அந்தக் கவரைப் பாத்தீங்களா?" என்று கேட்டார். இப்போதும் விடவில்லையே இந்த மனுஷர் என்று எனக்கு எரிச்சல் வந்தது. "பத்திரமா இருக்கு சார்" என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்த மாதிரி இருந்தது. சரி, பத்திரமாக இருக்கட்டும் என்றார். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

செய்தி வந்த மறுநாள் பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனேன். பட்டியலில் அவள் பெயர் என்னுடையதற்கு முன்னால் இருந்தும், அவளுக்குத் தொலைபேசி இல்லாததால் மகன் தபால் அட்டை போட்டிருந்தான், அது இன்னும் வந்து சேரவில்லை. நான் சொன்னதும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் தலைக்கு மேல் நிலைப்படியில் கறுப்பு வண்ணத்தில் எண் எழுதியிருந்தது. உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. "போன ஓணத்துக்குக்கூட வந்துட்டுப் போனாவளே மேடம்" என்றாள். எனக்குப் புரியவில்லை. இங்கே எதற்கு வந்தார் என்று கேட்டேன்.

"வருசத்துக்கு ஒருக்க வருவாவ. டேப்ப வச்சு அந்த முன்னாடி எடத்த அளப்பாவ. நாங்க ஒரு கல்லுகூட நீட்டலன்னு பாத்துட்டு, சரின்னு சொல்லுவாவ. ஏன் சார் இன்னும் அளக்கியன்னு எங்க வீட்டுக்காரரு கேட்டதுக்கு, பாக்காமப் போட்ட நம்பரு, யாராவது பாக்கணும்லான்னு சொன்னாவ. பொறவு உள்ள வந்து உக்காந்து கட்டஞ்சாயா குடிச்சிட்டுப் போவாவ."

பாலில்லாத அந்தத் தேநீரைக் குடித்தாரா என்று இரண்டு முறை கேட்டேன். இரண்டு கிளாஸ் குடிப்பார் என்றாள். என் அம்மா கொடுத்த தண்ணீரைத் தொடாதவர். மனு முடிந்துவிட்டதால் பேச்சியம்மாள் இனி மனுதாரர் இல்லை என்பது அவர் கணக்காக இருந்திருக்கும். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது, அதுவும் கோபத்தோடுதான். இதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து உறையை எடுத்தேன். பசை காய்ந்து, தொட்டதும் தானே பிரிந்துகொண்டது. அவர் படித்துக் காட்டிய அதே மனு, குண்டு குண்டான அதே எழுத்து. அடியில் கையெழுத்துக்கு விட்ட இடத்தைப் பார்த்தேன். கையெழுத்து இல்லை. அந்த இடத்தில் 'கேட்டு' என்று மலையாளத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது. கோப்பு ஓரத்தில் 'கண்டு' என்று எழுதுவாரே, அதே மாதிரி.

நான் திட்டியதைத்தான் கேட்டிருக்கிறார். கேட்டேன் என்று எழுதிவிட்டு, கையெழுத்துப் போடாமல் கொடுத்திருக்கிறார். கையெழுத்தில்லாத மனு வெறும் காகிதம். அதை நான் பதியாமல் வைத்திருந்ததில் ஒரு குற்றமும் இல்லை. இத்தனை வருஷம் தணிக்கைக்குப் பயந்து நான் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தது வெறும் காகிதத்துக்காக.

அவருடைய அளவு நாடாவை மகன் பேச்சியம்மாளுக்குக் கொடுத்துவிட்டான். அதுதான் நியாயம். என்னிடம் இருப்பது இந்தக் காகிதம். இப்போது பூட்டிவைக்கவில்லை, மேசையில் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். இதை எழுதும்போதும் எதிரில்தான் இருக்கிறது. வாயைத் திறந்து சொல்லத் தெரியாதா சார் உங்களுக்கு? ஒட்டாமலாவது கொடுத்திருக்கலாமே.